ஆட்டுக்கொட்டிலைச் சுற்றும் கயோட்டிகள்: வாசகி ஒருவரின் கேள்விக்கு மிருக வைத்தியரின் பதில்

கேள்வி:

ஸ்காபரோவில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு, இரண்டு வருடத்துக்கு முன் லின்ட்சேக்கு வடக்கே 40 ஏக்கர் காணி வாங்கி வந்தோம். 22 ஆடு, கொஞ்சம் கோழி, ஒரு சின்ன ஷிட்ஸு நாய். போன ஒக்டோபரில் ஒரு குட்டி தொண்டையில் கடிபட்டு, விலாப்பக்கம் தின்னப்பட்டுக் கிடந்தது. அடுத்த கிழமை இன்னொரு குட்டி அடையாளமே இல்லாமல் போய்விட்டது. முன்வீட்டுக்காரரின் மூன்று செம்மறிகள் பின்னங்கால் கிழிந்து செத்துக் கிடந்தன, ஆனால் இறைச்சி அப்படியே இருந்தது. இப்போது ஒவ்வொரு இரவும் கயோட்டிகளின் (நரியைவிடப் பெரிய, நாயைப் போன்ற காட்டு விலங்கு) ஊளைச் சத்தம். பத்துப் பன்னிரண்டாவது இருக்கும். எங்கள் ரோட்டில் உள்ளவர்கள் கூட்டம் வைத்து, ஒரு கயோட்டிக்கு இவ்வளவு என்று காசு போட்டு எல்லாவற்றையும் சுட்டுத் தீர்ப்போம் என்கிறார்கள். ரோட்டுக் கோடியில் தனியாக இருக்கும் ஒரு பெரியவர் பின்வளவில் கோழி எலும்பும் தோலும் கொட்டி நரிகளுக்குச் சாப்பாடு வைக்கிறார். மார்ச் கடைசியில் எங்கள் ஆடுகள் குட்டி போடும். ஒரு அல்சேஷனைக் கொட்டிலில் கட்டினால் போதுமா? என் மகளுக்கு ஒன்பது வயது, விடிய இருட்டில் ஸ்கூல் பஸ்ஸுக்கு நிற்கிறாள். என்ன செய்வது அண்ணா?

ஒரு வாசகி, கவார்த்தா லேக்ஸ், ஒன்ராறியோ

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

முதலில் முன்வீட்டுக்காரரின் செம்மறிகளைப் பற்றிச் சொல்கிறேன். அது கயோட்டியின் வேலை என்று எனக்குத் தோன்றவில்லை.

கயோட்டி தின்பதற்காகக் கொல்லும். தாடைக்குக் கீழே தொண்டையைப் பிடித்து, மூச்சை அடைத்துக் கொன்றுவிட்டு, விலாவுக்குப் பின்னால் வயிற்றைத் திறந்து தின்னத் தொடங்கும். உங்கள் குட்டியில் நீங்கள் பார்த்தது அதுதான். நாய்கள் துரத்திக்கொண்டு ஓடும்போது எட்டிய இடத்தில் எல்லாம் கடிக்கும்: பின்னங்கால், தொடை, காது, வால். ஒரே இரவில் பல ஆடுகளைக் குதறிவிட்டு, ஒரு வாய்கூடத் தின்னாமல் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடும். அனுபவமில்லாத இளம் கயோட்டியும் சிலவேளை பின்பக்கம் கடிப்பதுண்டு. ஆனால் மூன்றைக் கிழித்துவிட்டு மூன்றையும் தொடாமல் போனது என்றால், உங்கள் ரோட்டில் இரவில் அவிழ்த்துவிடப்படும் நாய்கள் எவை என்று விசாரிப்பதுதான் சரி. இதைக் கூட்டத்தில் சொல்ல உங்களுக்குச் சங்கடமாக இருக்கும். இருந்தாலும் சொல்லுங்கள். காட்டில் உள்ள கயோட்டி எல்லாவற்றையும் சுட்டாலும் அந்த நாய்கள் திரும்ப வரும். அதோடு, ஒன்ராறியோவில் கால்நடையை நாய் கொன்றால் அதற்கு நாயின் சொந்தக்காரரே பொறுப்பு. கயோட்டி கொன்றால் நட்டஈட்டுக்கு வேறு திட்டம், வேறு விண்ணப்பம்.

இனி ஒரு ஆடு செத்துக் கிடந்தால், அதை இழுத்து நகர்த்தாதீர்கள். படம் எடுங்கள், ஒரு தார்ப்பாயால் மூடிக் கல் வையுங்கள். சுற்றியுள்ள மண்ணிலும் சேற்றிலும் கால் தடம் இருந்தால் அதையும் ஒரு பேனையைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். கயோட்டியின் தடம் நீள்வட்டமாக, விரல்கள் நெருங்கி, நேர்கோட்டில் போகும். வீட்டு நாயின் தடம் அகன்று, அங்குமிங்கும் அலையும். கழுத்துத் தோலை உரித்துப் பார்க்க வேண்டியது முக்கியம். மதிப்பீட்டாளரோ மிருக வைத்தியரோ வரும்போது அதைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். வெளியே நாலு சின்னத் துளைதான் தெரியும். தோலை உரித்தால், உயிரோடு இருக்கும்போது கடிபட்ட ஆட்டில் தசை முழுக்கக் கறுத்து இரத்தம் கட்டியிருக்கும். மேல்வேட்டைப் பற்கள் இரண்டும் பதிந்த துளைகளுக்கு நடுவில் ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர் இடைவெளி இருக்கும். நோயில் செத்த குட்டியைப் பிறகு வந்து தின்றிருந்தால் துளை இருக்கும், இரத்தக்கட்டு இருக்காது. குட்டி போடும் காலத்தில் நிமோனியாவிலும் குளிரிலும் சாகும் குட்டிகள் பல கயோட்டியின் கணக்கில் எழுதப்படுகின்றன. அப்படியானால் திருத்த வேண்டியது வேலியை அல்ல, கொட்டிலின் காற்றோட்டத்தை.

இரவில் கேட்கும் சத்தத்தைப் பற்றி. இரண்டு கயோட்டிகள் சேர்ந்து குரலை ஏற்றி இறக்கி ஊளையிட்டால் ஒரு கூட்டமே நிற்பதுபோல் கேட்கும். உங்கள் பக்கம் இருப்பது பெரும்பாலும் ஒரு சோடி, அதோடு விலகிப் போகாத போன வருடக் குட்டிகள் சில. ஜனவரி முதல் மார்ச் வரை அவை சோடி சேரும் காலம், அதனால் சத்தம் கூடும். ஏப்ரல், மே மாதங்களில் பொந்தில் குட்டி போடும். அதற்குப் பிறகு கோடை முழுக்கக் குட்டிகளுக்கு இரை கொண்டுபோக வேண்டும். கால்நடைக்கு ஆபத்து அப்போதுதான் அதிகம், உங்கள் ஆட்டுக்குட்டிகளும் அப்போதுதான் வெளியே மேயத் தொடங்கும். எங்கள் மாகாணக் கயோட்டி மேற்குப் பக்கத்துக் கயோட்டியைவிடப் பெரியது. ஓநாயின் கலப்பும் நாயின் கலப்பும் அதன் இரத்தத்தில் இருக்கின்றன. 15 கிலோவுக்கு மேற்பட்டவற்றை இங்கே சாதாரணமாகக் காணலாம். ஒரு வளர்ந்த ஆட்டைச் சாய்க்க அது போதும்.

இனி, எல்லாவற்றையும் சுட்டுத் தீர்ப்பது. இதில் நான் உறுதியாக நிற்கிறேன்: அது உங்கள் ஆட்டைக் காப்பாற்றாது. இருக்கும் ஒரு சோடி ஒரு பெரிய நிலப்பரப்பைத் தன்னுடையது என்று பிடித்து வைத்துக்கொண்டு, வெளிக் கயோட்டியை உள்ளே விடாது. அந்தக் குடும்பத்தில் குட்டி போடுவது பொதுவாக அந்த ஒரு சோடிதான். அதைச் சுட்டால் இடம் காலியாகும். இலையுதிர் காலத்தில் தாயை விட்டுப் பிரிந்து இடம் தேடி அலையும் இளம் கயோட்டிகள் அதற்குள் வரும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கொனலி, லோங்ஹேர்ஸ்ட் இருவரும் 1975இல் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஒரு பகுதியில் உள்ள கயோட்டிகளில் நூற்றுக்கு 75ஐ ஒவ்வொரு வருடமும் கொன்றுகொண்டே இருந்தாலும் அந்த இனத்தை அங்கே ஒழிக்க 50 வருடத்துக்கு மேல் ஆகும் என்பதே விடை. அமெரிக்காவில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நஞ்சு வைத்தும், பொறி வைத்தும், விமானத்திலிருந்து சுட்டும் கொன்றார்கள். அந்தக் காலத்தில்தான் கயோட்டி மேற்குச் சமவெளியிலிருந்து கிளம்பி ஒன்ராறியோ, கியூபெக், அத்திலாந்திக் கரை வரை பரவியது.

ஆனால் எந்தக் கயோட்டியையும் தொடக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. 1990களில் கலிபோர்னியாவின் ஹொப்லண்ட் என்ற இடத்தில் செம்மறிப் பட்டிகளைச் சுற்றி வாழ்ந்த கயோட்டிகளின் கழுத்தில் றேடியோக் கருவி மாட்டிக் கவனித்தார்கள். ஆடுகளைக் கொன்றது ஏறக்குறைய முழுவதும் அந்த இடத்தை ஆண்ட, குட்டி போடும் சோடிகள்தான். அலைந்து திரிந்த இளசுகளைக் கொன்றதால் பட்டிக்கு ஒரு பலனும் கிடைக்கவில்லை. பக்கத்துச் சோடி ஆட்டைத் தொடாத சோடியாக இருந்தால் அதுவே உங்களுக்குக் காவல், விட்டுவிடுங்கள். ஆடு தின்னப் பழகிய ஒரு சோடி, கொட்டில் சரியாக்கிய பிறகும் திரும்பத் திரும்ப வந்தால், அந்தக் குறிப்பிட்ட விலங்கை அகற்றுவது நியாயம். அதை அனுபவமுள்ள, அனுமதி பெற்ற பொறிவேட்டைக்காரரிடம் விடுங்கள். ஒன்ராறியோவின் 1997ஆம் ஆண்டு மீன், வனவிலங்குச் சட்டம் தன் காணியில் தன் சொத்தைக் காக்க நில உரிமையாளருக்கு அந்த உரிமையைத் தருகிறது.

அதே சட்டம் தலைக்கு இவ்வளவு என்று காசு கொடுப்பதையும் வாங்குவதையும் தடை செய்கிறது. உங்கள் கூட்டத்தில் பேசியதைச் செய்தால் காசு போட்டவர்களும் குற்றவாளிகள். நஞ்சு வைப்பதும் சட்டவிரோதம். முதலில் சாவது யாருடையாவது வீட்டு நாயாகத்தான் இருக்கும். இன்னொன்று, நீங்கள் லின்ட்சேக்கு வடக்கே என்கிறீர்கள். இரண்டாம் எலிசபெத் வைல்ட்லாண்ட்ஸ், கவார்த்தா ஹைலண்ட்ஸ் பூங்காக்களிலும் அவற்றை ஒட்டிய சில பகுதிகளிலும் 2016இல் ஓநாய் வேட்டையோடு கயோட்டி வேட்டையும் தடுக்கப்பட்டது. அழியும் ஆபத்தில் உள்ள அல்கொன்குயின் ஓநாயையும் கயோட்டியையும் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது என்பதே காரணம். உங்கள் காணி அந்த எல்லைக்குள் வருகிறதா என்று இயற்கை வள அமைச்சிடம் கேட்காமல் யாரும் துவக்கைத் தூக்க வேண்டாம்.

இப்போது உங்கள் கொட்டில். 40 ஏக்கரையும் வேலியடைக்கக் கணக்குப் பார்த்து மலைத்துப் போகாதீர்கள், தேவையும் இல்லை. பெரும்பாலான ஆடுகள் பொழுதுபட்டதிலிருந்து விடியும் வரைக்குள் போகின்றன. பின்னேரம் எல்லா ஆட்டையும் எண்ணி உள்ளே அடையுங்கள். ஊரில் பட்டியில் அடைத்து வளர்த்த எங்கள் சனத்துக்கு இது புதிதல்ல. இங்கே வந்து பெரிய காணியைக் கண்டதும் அந்தப் பழக்கத்தை விட்டுவிடுகிறோம். கொட்டிலைச் சேர்ந்த இரவுப் பட்டிக்கு மட்டும் நல்ல வேலி போதும்: ஐந்தரை அடி உயரம், ஆறு அங்குலத்துக்கு மேல் போகாத கண்ணுள்ள கம்பி வலை. கயோட்டி பொதுவாகத் தாண்டுவதைவிட அடியால் தோண்டி நுழையத்தான் பார்க்கும். அதனால் வேலியின் காலடியில் வெளிப்பக்கமாக இரண்டடி அகல வலை ஒன்றை நிலத்தில் படுக்கவைத்து ஆணியடியுங்கள். அதற்கு மேல், வேலியிலிருந்து 20 சென்ரிமீற்றர் வெளியே, நிலத்திலிருந்து 20 சென்ரிமீற்றர் உயரத்தில் ஒரு மின்கம்பி. மூக்கைக் கொண்டுவந்து முகரும்போது அதில் படவேண்டும். 4,000 வொல்ட்டுக்குக் குறையாமல் ஓடுகிறதா என்று கிழமைக்கு ஒருமுறை மானியால் பாருங்கள், புல் வளர்ந்து தொட்டால் மின்சாரம் நிலத்தில் போய்விடும்.

கோடையில் மேய்ச்சலுக்கு மின்வலை நல்லது, இடம் மாற்றி மாற்றிக் கட்டலாம். கொம்புள்ள குட்டிகள் அதில் மாட்டிச் செத்திருக்கின்றன. முதல் சில நாள் நீங்கள் பக்கத்தில் நின்று பழக்காமல் வலைக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

பனிக்காலத்தில் இதெல்லாம் மாறும். காற்று அள்ளிக் குவித்த பனி வேலியோடு சாய்ந்து இறுகினால் ஐந்தரை அடி வேலி இரண்டடி வேலியாகும், கயோட்டி நடந்தே ஏறி உள்ளே வரும். தாழ்ந்த மின்கம்பி பனிக்குள் புதைந்துவிடும். உலர்ந்த பனியும் உறைந்த நிலமும் மின்சாரத்தைக் கடத்தாது, கம்பியைத் தொட்டாலும் அடி விழாது. அதனால் இரவுப் பட்டியின் வேலியில் மின்கம்பி ஒன்று, நிலத்தோடு இணைத்த கம்பி ஒன்று என்று மாறி மாறி இழுக்கச் சொல்லுங்கள். இரண்டையும் சேர்த்துத் தொடும் விலங்குக்கு எந்தக் காலத்திலும் அடி விழும். ஒவ்வொரு பனிப்பொழிவுக்குப் பிறகும் வேலியடியை வழித்துவிடுங்கள்.

மார்ச்சில் குட்டிகள் கொட்டிலுக்குள்ளேயே பிறக்கட்டும். இளங்கொடியையும் செத்துப் பிறந்த குட்டியையும் அன்றன்றே எடுத்துவிடுங்கள். அந்த வாடைதான் கயோட்டியைக் கொட்டில் வாசலுக்கு அழைத்து வருகிறது, ஆட்டு இறைச்சியின் சுவையையும் அதற்கு முதலில் பழக்குகிறது. செத்த கால்நடையை 48 மணி நேரத்துக்குள் முறையாக அப்புறப்படுத்த வேண்டும் என்பது ஒன்ராறியோவில் சட்டம். புதைத்தால் மேலே 60 சென்ரிமீற்றர் மண் வேண்டும். நிலம் உறைந்த மாதங்களில் மரத்தூளுக்குள் ஆழமாக வைத்து உக்க விடலாம், அல்லது எடுத்துப் போகும் சேவையைக் கூப்பிடலாம். பின்காட்டில் செத்த கன்றைக் கொண்டுபோய்ப் போடும் பண்ணை ஒன்று உங்கள் ரோட்டில் இருந்தால், அந்தக் கன்று பத்துப் பன்னிரண்டு நாளைக்கு அவ்வளவு கயோட்டிகளுக்கும் அங்கே சாப்பாடு. அது முடிந்த பிறகு அவை பசியோடு சுற்றிப் பார்க்கும் முதல் இடம் உங்கள் கொட்டில்.

அல்சேஷன் வேண்டாம். அது வீட்டைக் காக்கும், ஆளைத் தடுக்கும். ஆடுகளோடு விட்டால் அவற்றைத் துரத்தித் திரிய ஆசைப்படும். கட்டிவைத்த நாயால் கயோட்டிச் சோடியை எதிர்க்கவும் முடியாது, தப்பி ஓடவும் முடியாது. உங்களுக்கு வேண்டியது மந்தைக் காவல் நாய்: கிரேட் பிரனீஸ், மரெம்மா, அக்பாஷ் போன்ற இனம், வேலை செய்யும் தாய் தகப்பனுக்குப் பிறந்தது. எட்டுக் கிழமைக் குட்டியை வாங்கி ஆடுகளுக்குப் பக்கத்தில் வளர்த்தால், இரண்டு வயதாகும்போது நம்பி விடலாம். அதுவரை ஆட்டுக்குட்டியின் காதைக் கடித்து விளையாடும், அடித்துத் திருத்தாமல் பொறுமையாகப் பிரித்துவிட வேண்டும். இரவு முழுக்கக் குரைக்கும். அதுதான் அதன் வேலை, அயலவருக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இந்த மார்ச்சுக்கு உதவி வேண்டுமென்றால் வளர்ந்த, பழகிய நாய் ஒன்றை விலை கூடக் கொடுத்தாவது தேடுங்கள்.

கழுதையும் ஒரு வழி. பெட்டைக் கழுதை அல்லது காயடித்த ஆண், ஒன்றே ஒன்று மட்டும். இரண்டு இருந்தால் ஒன்றோடொன்று நின்றுவிடும், ஆட்டைக் கவனிக்காது. ஒரு எச்சரிக்கை, தயவுசெய்து மறக்காதீர்கள்: ஆட்டுத் தீனியில் குருதிக்கழிச்சலைத் தடுக்க மொனென்சின் என்ற மருந்து சேர்ப்பதுண்டு. அது ஆட்டுக்கு நல்லது, கழுதைக்கும் குதிரைக்கும் கொஞ்சமே போதும், இதயத்தைத் தாக்கிக் கொல்லும். தீனி மூட்டையின் சீட்டை வாசிக்காமல் கழுதையைக் கொட்டிலுக்குள் விடாதீர்கள். மினுங்கும் விளக்கு, றேடியோ எல்லாம் சில கிழமைதான் வேலை செய்யும், பிறகு கயோட்டி பழகிவிடும். குட்டி போடும் காலத்துக்கு மட்டும் எடுத்து, இடத்தை அடிக்கடி மாற்றுங்கள்.

ஷிட்ஸு. அது உங்கள் வீட்டின் பிள்ளை, ஆனால் கயோட்டிக்கு அது முயல் அளவு இரை, பெப்ரவரியில் எல்லைக்குள் வந்த போட்டி நாயும்கூட. இருட்டில் தனியாக வெளியே விடாதீர்கள், இரண்டு நிமிடத்துக்கும் வேண்டாம். குட்டையான கயிற்றில் பிடித்துக்கொண்டு நீங்களும் போங்கள். நீண்டு சுருளும் கயிறு வேண்டாம், நாய் பதினைந்து அடி தள்ளி நிற்கும்போது உங்களால் தூக்க முடியாது. றேபிஸ் தடுப்பூசி மூன்று மாதத்துக்கு மேற்பட்ட எல்லா நாய்க்கும் பூனைக்கும் இங்கே கட்டாயம். அதோடு நாடாப்புழு மருந்தைப் பற்றி உங்கள் மிருக வைத்தியரிடம் கேளுங்கள். தெற்கு ஒன்ராறியோவில் கயோட்டிகளையும் நரிகளையும் சோதித்தபோது ஏறத்தாழ 23 சதவீதத்தில் எகினோகொக்கஸ் மல்ற்றிலொகியூலாரிஸ் என்ற நாடாப்புழு இருந்தது. எலி தின்னும் நாய்க்கு அது தொற்றும். நாயின் மலத்திலிருந்து மனிதருக்கு வந்தால் ஈரலில் கட்டிபோல் வருடக்கணக்காக வளரும். பிராசிகுவான்ரெல் மருந்தை மாதம் ஒருமுறை கொடுத்தால் தடுக்கலாம். மகளைத் தோட்டத்தில் விளையாடிவிட்டு வந்ததும் கை கழுவச் சொல்லுங்கள்.

மகளைப் பற்றி நீங்கள் பயப்படுவது எனக்கு விளங்குகிறது. வட அமெரிக்கா முழுவதிலும் கயோட்டி தாக்கி மனிதர் இறந்ததாகப் பதிவானவை இரண்டு: 1981இல் கலிபோர்னியாவில் ஒரு சின்னக் குழந்தை, 2009இல் நோவா ஸ்கோசியாவின் கேப் பிரெட்டன் மலைப் பூங்காவில் தனியாக நடந்த 19 வயதுப் பெண். மிக அரிது, ஆனாலும் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். கயோட்டியைக் கண்டால் ஓடக் கூடாது, முதுகைக் காட்டக் கூடாது. கையை உயர்த்தி, பெரிதாகக் கத்தி, அதைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்து வீட்டுக்கு வரவேண்டும். பள்ளிப் பையில் ஒரு விசில் கட்டிவிடுங்கள். இருட்டு விலகும் மாதம் வரை நீங்களோ கணவரோ கூட நில்லுங்கள்.

அவளுக்கு உண்மையான ஆபத்து அந்தப் பெரியவர் கொட்டும் கோழி எலும்பால்தான். நரிக்கு என்று வைத்தாலும் கயோட்டியும் வந்து தின்னும். மனிதரைக் கடித்த கயோட்டிகளைப் பற்றிய விசாரணைகளில் யாரோ சாப்பாடு வைத்துப் பழக்கியிருந்தார்கள் என்பது திரும்பத் திரும்ப வருகிறது. மனித வாடை என்றால் சாப்பாடு என்று படித்த கயோட்டி பஸ் தரிப்பிடத்திலும் விலகி ஓடாது. அவரிடம் கூட்டமாகப் போகாதீர்கள். நீங்கள் ஒருவர் மட்டும், ஒரு பகல் நேரம், சோறும் கறியும் கொஞ்சம் கொண்டுபோய் இருந்து கதையுங்கள். தனியாக இருப்பவர், அந்த நரிகள் வருவதைப் பார்ப்பதுதான் அவருக்குப் பொழுது. அவரைக் குறை சொல்லாமல், உங்கள் மகள் நிற்கும் இடத்தை ஜன்னலால் காட்டிச் சொல்லுங்கள். பறவைத் தீனிக் கூண்டு வைக்க ஆசைப்பட்டால், தரையில் சிந்தாத, எலி சேராத தட்டுள்ளதாக நீங்களே வாங்கிக் கொடுக்கலாம்.

கூட்டத்துக்குப் போங்கள், போகாமல் இருக்காதீர்கள். சுடுவதற்குச் சேர்க்கும் காசில் பாதி இருந்தால் செத்த கால்நடையை எடுத்துப் போகும் செலவை ரோட்டில் உள்ள எல்லாரும் பங்கிடலாம், ஒரு நல்ல மின்வலையை வாங்கிக் குட்டி போடும் வீடுகளுக்கு மாறி மாறிக் கொடுக்கலாம், இரவில் நாயை அவிழ்த்துவிடுவதில்லை என்று எல்லாரும் வாக்குக் கொடுக்கலாம். ஒரு வீடு மட்டும் திருந்தினால் கயோட்டி அடுத்த வீட்டுக்குப் போகும். ரோட்டில் உள்ள எல்லா வீடும் சேர்ந்தால் அது காட்டு முயலுக்கும் எலிக்கும் திரும்பும்.

நட்டஈட்டை விட்டுவிடாதீர்கள். வனவிலங்கு கொன்ற ஆட்டுக்கும் கோழிக்கும் ஒன்ராறியோவில் நட்டஈட்டுத் திட்டம் இருக்கிறது. வீட்டு நாய், பூனைக்கு இல்லை. ஆடு செத்ததைக் கண்ட 48 மணி நேரத்துக்குள் நகரசபைக்கு அறிவிக்க வேண்டும், அவர்கள் கால்நடை மதிப்பீட்டாளரை அனுப்புவார்கள். பண்ணை இட இலக்கமும் பண்ணைத் தொழில் பதிவு இலக்கமும் கேட்பார்கள், ஆட்டைக் காக்க நியாயமான முயற்சி எடுத்தீர்களா என்றும் பார்ப்பார்கள். வேலிக்கு வாங்கிய பற்றுச்சீட்டுகளை ஒரு உறையில் போட்டு வையுங்கள். அந்த இலக்கங்கள் இல்லையென்றால் மார்ச்சுக்கு முன்பே விண்ணப்பியுங்கள். மதிப்பீட்டாளரின் தொலைபேசி எண்ணை நகரசபையில் இன்றே கேட்டு வாங்கிக் கொட்டில் கதவின் உட்பக்கம் எழுதி ஒட்டிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மிருக வைத்தியர்